கிருமி செத்த பிறகும் சாகும் நரம்பு

தொழுநோய்க்கு மருந்து இருக்கிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையை ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காக எடுத்துக்கொண்டால் உடம்பில் உயிருள்ள கிருமி ஏறக்குறைய இல்லாமல் போகிறது. பிறருக்குப் பரப்பும் ஆற்றல் முதல் சில வேளை மருந்திலேயே பெருமளவு அடங்கிவிடுகிறது. ஆனாலும் சிலருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, சிலருக்குச் சாப்பிட்டு முடித்து ஒன்றிரண்டு ஆண்டு கழித்து, கை மரத்துப்போகிறது, சுண்டுவிரல் மடங்குகிறது, நடக்கும்போது பாதம் தொங்குகிறது. கிருமி செத்துவிட்டதென்றால் நரம்பைக் கெடுப்பது யார்?

இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் சில, சென்னையை அடுத்த மறைமலை நகருக்குப் பக்கத்திலேயே உருவானவை. மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், அடுத்தது செங்கல்பட்டு. பரனூரில் தொழுநோயாளர்களுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1920களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, 1955இல் மத்திய அரசின் கைக்கு வந்த மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் கார் தொழிற்சாலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே உலக மருத்துவ இதழ்கள் செங்கல்பட்டை அறிந்திருந்தன.

இந்த நோயைத் தனியாக எடுத்துப் பேசக் காரணம் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்பு மண்டலத்தையே தாக்கும் நோய்கள் பல. பன்முகத் தண்டுவட மரப்பு நோய், கில்லன்-பாரே, மயஸ்தீனியா கிராவிஸ் என்று பட்டியல் நீளும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எது தொடக்கம் என்பதே வழக்கு. பன்முக மரப்பு நோய்க்கு எப்ஸ்டைன்-பார் வைரஸ் காரணமாக இருக்கலாம் என்ற வலுவான சான்று 2022இல்தான் வந்தது. தொழுநோயில் அப்படியில்லை. தொடங்கிவைத்த கிருமியை நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்தும் வழக்கு முடியவில்லை என்பதுதான் இதிலுள்ள சுவாரசியம்.

பரம்பரையா, தொற்றா

சித்த, ஆயுர்வேத நூல்கள் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்தன. இன்று நாம் வெவ்வேறு பெயரிட்டு அழைக்கும் பல தோல் நோய்கள் அந்தப் பதினெட்டுக்குள் அடக்கம். அங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு. கொடுக்கப்பட்ட நீரடிமுத்து எண்ணெய் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஊசி மருந்தாக உலகமெங்கும் ஓடியது.

நவீன விவாதம் நார்வேயில் தொடங்குகிறது. 1847இல் டேனியல்சனும் போயக்கும் இந்நோயைத் தனி நோயாகத் துல்லியமாக வரையறுத்தார்கள். அது பரம்பரையாக வருவது என்றும் சொன்னார்கள். குடும்பம் குடும்பமாக வருவதைப் பார்த்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? 1873இல் டேனியல்சனின் மருமகன் ஆர்மர் ஹேன்சன், நோயாளிகளின் கட்டிகளில் கோல் வடிவக் கிருமியைக் கண்டார். பரம்பரைக் கட்சி தோற்றது. தொற்று என்று முடிவானதும் சட்டம் வந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் ஆட்களைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. இந்திய நாடாளுமன்றம் அதை நீக்கியது 2016இல்.

தொற்றுக் கட்சிக்கும் ஓர் ஓட்டை இருந்தது. கிருமி உடலுக்குள் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை. கணவனுக்கு இருந்து, முப்பது ஆண்டு கூட வாழ்ந்த மனைவிக்கு வராமலிருப்பது சாதாரணம். எனவே பரம்பரை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 2001இல் தென்னிந்தியக் குடும்பங்களில் நடந்த ஆய்வு, நோய்க்கு எளிதில் ஆட்படும் தன்மையைப் பத்தாம் குரோமோசோமின் ஒரு பகுதியோடு தொடர்புபடுத்தியது. 2004இல் வியட்நாம், பிரேசில் ஆய்வு சுட்டிய மரபணு, பார்க்கின்சன் நோயோடு தொடர்புடையதாக ஏற்கெனவே அறியப்பட்டது. நரம்பும் எதிர்ப்பாற்றலும் ஒரே கதவில் சந்திக்கலாம் என்ற ஊகத்துக்கு அது இடம் தந்தது. ஆனால் யாருக்கு நோய் வரும் என்று சொல்லும் மரபணுக்களே யாருக்கு நரம்பு கெடும் என்றும் சொல்கின்றனவா? இதுவரை உறுதியாகச் சொல்லும்படி இல்லை.

குளிர்ச்சி தேடும் கிருமி

முதல் பெரிய பதில் எளிமையானது: கிருமி நரம்புக்குள் போகிறது, நரம்பைக் கெடுக்கிறது. மனிதனின் புற நரம்புகளுக்குள் புகுந்து தங்கும் பாக்டீரியா என்று அறியப்பட்டது ஏறக்குறைய இது ஒன்றுதான். சோதனைச் சாலைக் கிண்ணத்தில் இன்றுவரை வளர்க்க முடியாத கிருமி இது. இரண்டாகப் பெருக இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். உடலின் உள்சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்த இடத்தையே விரும்பும். அதனால்தான் எலியின் பாதத்திலும், உடற்சூடு குறைந்த ஆர்மடில்லோவிலும் வளர்ந்தது. மனிதனிலும் நோய் பிடிப்பது மூக்கு, காது மடல், கை, கால், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள். முழங்கையில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை பாயுமே, அந்த நரம்பு இதில் முதல் பலி. மூட்டின் உட்புற எலும்புக்குப் பின்னால் அதை விரலால் உருட்டிப் பார்க்கலாம். நலமாக இருப்பவருக்குச் சணல் கயிறு போல நழுவும். நோயாளிக்குப் பென்சில் தடிமனாகவோ அதற்கு மேலோ தட்டுப்படும்.

2001இல் இந்தக் கிருமியின் முழு மரபுத் தொகுதி வெளியானது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கிருமிக் கால்வழி, தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. அதன் பெயரே ‘டி.என்.’ தான். வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. செயலிழந்த மரபணுக்கள் 1,100க்கு மேல். தானாக வாழும் திறமையை ஒவ்வொன்றாக இழந்து, பிறர் வீட்டில் மட்டுமே குடியிருக்கப் பழகிய உயிர் என்று அந்தப் பட்டியல் காட்டியது. அந்த வீடு எது என்பதை அனுரா ரம்புக்கனவின் குழு 1997 முதல் வெளியிட்ட ஆய்வுகள் விளக்கின: நரம்பிழையைச் சுற்றி உறைபோடும் ஷ்வான் செல்களின் மேற்பரப்பில் கிருமி எதைப் பற்றிக்கொள்கிறது, தன் மேலுள்ள எந்தக் கொழுப்புப் பொருளால் பற்றிக்கொள்கிறது என்பது தெரிந்தது. 2002இல் அதே குழு, நிணச் செல்கள் இல்லாத எலிகளிலும் நரம்புறை கழன்றுபோவதைக் காட்டியது. எதிர்ப்பாற்றலின் முக்கியப் படையே இல்லாத இடத்திலும் நரம்பு கெட்டது. கிருமிக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் நோயாளியின் உடல் அந்தச் சாட்சியோடு ஒத்துப்போவதில்லை. உடம்பெங்கும் கிருமி மலிந்த வகையில், நரம்பு முழுக்கக் கிருமி நிறைந்தும் கை கால் பல ஆண்டுகள் ஓரளவு வேலை செய்கின்றன. தேடினாலும் கிருமி அகப்படாத வகையில், ஒன்றிரண்டு தேமல் மட்டுமே உள்ளவருக்குச் சில வாரங்களில் நரம்பு போய்விடுகிறது. குற்றவாளி கிருமி மட்டும்தான் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

காவலே எரிக்கிறதா

1966இல் ரிட்லியும் ஜோப்ளிங்கும் அமைத்த வகைப்பாடு இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு விளக்கம் தந்தது. அவர்கள் நோயை ஒரு நீண்ட கோடாகப் பார்த்தார்கள். ஒரு முனையில் எதிர்ப்பாற்றல் பலமாக நிற்கிறது, கிருமி குறைவு. மறு முனையில் எதிர்ப்பாற்றல் இந்தக் கிருமியைக் கண்டும் காணாமல் இருக்கிறது, கிருமி கோடிக்கணக்கில். பெரும்பாலான நோயாளிகள் இடையில் எங்கோ இருக்கிறார்கள், நிலையில்லாமல் இங்குமங்கும் நகர்கிறார்கள். அந்த நகர்வின்போதுதான் ஆபத்து. தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்பாற்றல் என்ற காவல் திடீரென்று விழித்து, கிருமி ஒளிந்திருக்கும் நரம்பின் மேலேயே பாய்கிறது. தேமல் சிவந்து தடிக்கிறது. நரம்பு வீங்கி வலிக்கிறது. களப்பணியாளர்கள் இதை ‘ரியாக்‌ஷன்’ என்றே சொல்வார்கள். முதல் வகை ரியாக்‌ஷன் இது. இரண்டாம் வகை கிருமி மலிந்தவர்களுக்கு வருவது: காய்ச்சல், தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள், நரம்பு அழற்சி.

செத்த கிருமியின் சிதறல்களும் காவலை உசுப்பும் என்பதால், மருந்து தொடங்கிய பிறகும் முடிந்த பிறகும் ரியாக்‌ஷன் வருவது இந்தப் பார்வையில் புதிராக இல்லை. நோயாளிக்குத்தான் புதிர். மருந்து சாப்பிட ஆரம்பித்ததும் உடம்பு மோசமானால், மருந்தின் மேல் சந்தேகம் வராதா? பாதியில் மாத்திரையை நிறுத்துகிறவர்களை ‘ஒத்துழைக்காதவர்’ என்று எழுதிவைப்பதற்கு முன் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

மருந்துகளும் காவல் கட்சிக்குச் சாட்சி சொல்கின்றன. கிருமியைத் தொடவே தொடாத ஸ்டீராய்டு, காவலை அடக்கி நரம்பை மீட்கிறது. 1964இல் ஜெருசலேமில் ஷெஸ்கின், தூக்கத்துக்காகக் கொடுத்த தாலிடோமைடு இரண்டாம் வகை ரியாக்‌ஷனைத் தணிப்பதைத் தற்செயலாகக் கண்டார். கருவிலிருந்த பிள்ளைகளை ஊனமாக்கியதற்காகச் சந்தையிலிருந்து விரட்டப்பட்ட மருந்துக்கு இங்கே மறுவாழ்வு கிடைத்தது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அது இன்றும் பேராபத்துதான்.

2017இல் வந்த வரிக்குதிரை மீன் ஆய்வு இரண்டு கட்சிகளையும் ஒரே மேசைக்கு இழுத்தது. அதில் நரம்புறையை நேரடியாகக் கெடுத்தவை, கிருமியை விழுங்கிய பெருவிழுங்கிச் செல்கள். அவை உமிழ்ந்த நைட்ரிக் ஆக்சைடு பக்கத்திலிருந்த நரம்பையும் சேதப்படுத்தியது. அப்படி நடந்துகொள்ளும்படி அவற்றைத் தூண்டியது, கிருமியின் மேலுள்ள அதே கொழுப்புப் பொருள். நெருப்பு வைத்தது கிருமி, எரித்தது காவல் என்று சொல்லத் தோன்றுகிறது. மீன் குஞ்சில் ஓரிரு நாளில் நடப்பதை, மனிதனில் பல ஆண்டு ஊறும் நோயோடு அப்படியே பொருத்த முடியுமா என்ற தயக்கமும் கூடவே தோன்றுகிறது.

சத்தமில்லாத வாதம்

காவல் கட்சிக்கு மிகத் தொல்லையான கேள்வி திருமணியிலிருந்து எழுந்தது. அங்கே பணியாற்றிய எலும்பு அறுவை மருத்துவர் ஹெச். ஸ்ரீநிவாசனும் அவருடைய சக ஆய்வாளர்களும், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் கெடும் நரம்பைப் பற்றி 1982இல் எழுதினார்கள். சிவப்பில்லை, வீக்கமில்லை, வலியில்லை. நோயாளிக்கே தெரியாது. ஒருநாள் பார்த்தால் சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை. ‘அமைதியான நரம்பு வாதம்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. அதற்கும் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்ததுதான் அவர்களுடைய கட்டுரையின் பொருள்.

இது சத்தமில்லாமல் நடக்கும் அழற்சியா, கிருமியின் நேரடி வேலையா, நார் படிந்து நரம்பு மெல்ல நெரிபடுவதா? மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஸ்டீராய்டு ஆய்வுகளும் தெளிவான தீர்ப்புத் தரவில்லை. நேபாளத்திலும் வங்கதேசத்திலும் நடந்த ஆய்வில், மருந்தின் முதல் நான்கு மாதம் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்தால் புதிய நரம்புப் பாதிப்பு குறைந்தது. ஓராண்டு முடிவில் அந்தப் பயன் கரைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பழைய பாதிப்புக்கு ஸ்டீராய்டால் கூடுதல் பலன் காணப்படவில்லை. 20 வாரம் கொடுப்பதா, 32 வாரமா என்று பல நாடுகளில் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், நீண்ட சிகிச்சை மேலானதாகத் தெரியவில்லை. காவலை அடக்கினால் நரம்பு பிழைக்கும் என்பது பாதி உண்மை என்றுதான் இவற்றைப் படித்தால் படுகிறது. மறுபாதி, எப்போது அடக்குகிறோம் என்பதில் இருக்கிறது.

இறுகிய உறை

அறுவை மருத்துவர்கள் வேறொரு பதில் வைத்திருந்தார்கள். யார் தொடங்கினாலும், வீங்கிய நரம்பு தன் இறுகிய உறைக்குள்ளும், எலும்புக்கும் தசைநாருக்கும் இடைப்பட்ட குறுகிய சந்துக்குள்ளும் நெரிபட்டு இரத்த ஓட்டம் இல்லாமல் சாகிறது; சந்தைத் திறந்துவிட்டால் பிழைக்கும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, கடுமையான வலியும் சிலருக்குக் குறைகிறது. ஸ்டீராய்டோடு ஒப்பிட்டால் கூடுதல் பலன் உண்டா என்று காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு தேடியபோது, நம்பகமான சான்று போதவில்லை என்றே முடித்தது. (இந்தக் காக்ரேன் வேறு, திருமணியில் பணியாற்றிய காக்ரேன் அடுத்து வருகிறார்.)

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

நரம்பு ஏன் சாகிறது என்ற கேள்வியிலிருந்து, செத்த பிறகு என்ன நடக்கிறது என்ற கேள்வியைப் பிரித்தெடுத்தவர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த இளம் அறுவை மருத்துவர் அவர். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன், டாப்சோன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். 1947இல் அவரது அழைப்பில் பிராண்ட் இங்கு வந்தார். விரல்கள் கொக்கியாக மடங்கிய ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து, அழுத்தச் சொன்னார். பிடி தளர்ந்திருக்கும் என்று நினைத்தவருக்கு வலி சுரீரென்று ஏறியது. அத்தனை பலம்.

மடங்கிய கையில் அவ்வளவு பலம் எப்படி? முழங்கையில் நரம்பு செத்தால் உள்ளங்கையின் சிறு தசைகள் வாடுகின்றன, விரல் கொக்கியாகிறது. முன்கையிலிருந்து விரலை மடக்கும் பெருந்தசைகள் பல வேறு நரம்பைச் சார்ந்தவை. அவை நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து வேறு வழியாகத் திருப்பித் தைத்தால் விரல் நிமிர வேண்டும். வேலூரில் பிராண்ட் அதைச் செய்து காட்டினார். நோய் ‘கண்டபடி சதையைத் தின்னும்’ என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

விரல் உதிர்வது பற்றிய பதிலும் அதே தேடலில் வந்தது. தொழுநோயில் விரல் தானாக உதிர்வதில்லை. வலி தெரியாத விரல் அடுப்பில் சுடுபடுகிறது, துருப்பிடித்த பூட்டில் கிழிபடுகிறது, இரவில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. பிராண்ட் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்த கதை பலரும் அறிந்தது. மென்மையான நுண்ணறை ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு உள்ளங்கால் புண்ணுக்குக் கண்ட வழி. இதுவரை சொன்ன பதில்களில் அனேகமாக யாரும் மறுக்காதது, விரல் தானாக உதிர்வதில்லை என்ற இந்தப் பதில் ஒன்றுதான்.

காவலை உசுப்பலாமா

தடுப்பூசிக்காரர்களின் கேள்வி எதிர்த் திசையிலிருந்து வருகிறது. காவலைப் பலப்படுத்தினால் நோயைத் தடுக்கலாம். ஆனால் நரம்பை எரிப்பதும் அதே காவல் என்றால்? பெரும் பரிசோதனைகள் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தன. இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் அப்போது அதற்குள் அடக்கம். 1968இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே திகைக்கவைத்தது. 1991இல் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் ஆய்வு சுமார் 1,71,000 பேரிடம் தொடங்கியது. 1998இல் வந்த முடிவில், கொன்ற தொழுநோய்க் கிருமியோடு கலந்த பி.சி.ஜி.யும், மும்பையில் உருவான ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசியும் ஏறத்தாழ 65 சதவீதப் பாதுகாப்புத் தந்தன. தனி பி.சி.ஜி. 34 சதவீதம்.

நோய் வருவதைத் தடுத்த கணக்கு இது. ஏற்கெனவே கிருமி புகுந்தவருக்குத் தடுப்பூசி போட்டால், அடங்கியிருந்த நோய் முன்கூட்டியே தலைகாட்டுமா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

எண்ணிக்கையில் வராத நரம்பு

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற அளவை எட்டியதாக இந்தியா அறிவித்தது. அதன் பிறகும் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது; உலகக் கணக்கில் பாதிக்கு மேல். மருந்து முடித்தவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதால் நிலவும் நோயாளிகளின் எண்ணிக்கை குறைவது இயல்பு. அந்தக் கணக்கு கிருமியின் கணக்கு. நரம்பின் கணக்கு வேறு. ஊனத்தைப் பதியும்போதும் முதன்மையாக எண்ணப்படுவது இரண்டாம் நிலை, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஊனம். உணர்ச்சி மட்டும் போன முதல் நிலை பெரிய அறிக்கைகளில் அரிதாகவே தலைகாட்டும். கை மடங்கிய பிறகுதான் எண்ணுவோம் என்பது, ஸ்டீராய்டு பலன் தரும் காலம் கடந்த பிறகு எண்ணுவதாகும். இக்கட்டுரையாளருக்குக் கோட்பாட்டுச் சண்டையைவிட இதுவே பெரிய ஓட்டையாகத் தெரிகிறது.

மறைமலை நகர், ஒரகடம் வட்டாரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது. பிகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசாவில் இன்னும் கூடுதல். அங்கிருந்து வரும் இளைஞர்கள் இங்கே வெல்டிங்கிலும் வார்ப்பிலும் அழுத்து இயந்திரத்திலும் நிற்கிறார்கள். நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டும் ஆகும் என்பதால், ஊரில் தொற்றியது இங்கே தெரியவரலாம். இதைச் சொல்லி வெளியூர்க்காரர்களைச் சந்தேகிப்பது மடத்தனம். மருந்து தொடங்கியவரால் பிறருக்கு அபாயமில்லை. அபாயம் அவருக்குத்தான். சூடு தெரியாத கையோடு சூடான உலோகத்தின் அருகே நிற்பவர் அவர்.

இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் தொழுநோய் உண்டு. தகுதி பெற்றவருக்கு இரண்டு ஆண்டு வரை சராசரிக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். தகுதிக்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலை வேண்டும். ஒப்பந்தக்காரர் மாற மாற வேலையும் மாறும் தொழிலாளி அந்த இரண்டு ஆண்டை எங்கே காட்டுவார்?

கிருமியா காவலா என்ற வழக்கில் இன்றைய நிலை இவ்வளவுதான்: தொடக்கத்தில் கிருமியின் பங்கும் நடுவில் காவலின் பங்கும் ஓரளவு நிறுவப்பட்டவை, சத்தமில்லாத வாதத்தில் எது முந்துகிறது என்பது திறந்த கேள்வி, யாருக்கு நரம்பு கெடும் என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான இரத்தப் பரிசோதனை நடைமுறைக்கு வரவில்லை. நரம்பு கெடுகிறதா என்று பார்க்க அந்த விடைகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை மருத்துவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. ஆண்டுப் பரிசோதனையில் கண்ணையும் காதையும் பார்க்கும்போது, தேமல் இருந்தால் தொழிலாளியைக் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் அங்கே லேசாகத் தொடுங்கள். எந்த இடம் என்று அவர் விரலால் காட்டட்டும். முழங்கை நரம்பை உருட்டிப் பாருங்கள். சுண்டுவிரலை விரித்துப் பிடிக்கச் சொல்லி அழுத்திப் பாருங்கள். மூன்று நிமிட வேலை. கூட்டு மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்.